சங்கையாவின் மூக்கும் ஐந்து லாவெண்டர் செடிகளும்

சங்கையா அண்ணாச்சி ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ் கிளம்பினாலும் ஓடமாட்டார், மழை பிடித்துக்கொண்டாலும் ஓடமாட்டார். முப்பத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமுக்குப் போர்மேனாக இருந்த மனுஷர். அங்கே ஓடுவது குற்றம். செருப்புப் போடுவது குற்றம், பாலியஸ்டர் சட்டை குற்றம், இரும்புச் சாமானை உள்ளே கொண்டுபோவது பெருங்குற்றம். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் தன் வீட்டு கேட்டை ஒரு நிமிஷம் தொட்டுக்கொண்டு நின்ற பிறகுதான் உள்ளே போவார். பெண்டாட்டியைப் பார்க்கப் பயந்துதான் அங்கே நிற்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

நான் பக்கத்து வீட்டு மணி. திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கிறேன். பௌர்ணமியை ஒரு கட்டம் தள்ளிப் போட்டுவிட்டால் பத்தாயிரம் வீட்டுச் சுவரில் என் மானம் தொங்கும். அதனால் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தப்புதான் கண்ணில் படும். "சோத்துத் தட்டுலயும் புரூப் பாக்குற ஆளு" என்று என் மனைவி அழகுமீனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்தக் கதையில் பெரிய தப்பு செய்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அண்ணாச்சிக்கு மூக்கு வேலை செய்யாது. மொத்தமாகச் செத்துப்போன மூக்கு என்றும் சொல்ல முடியாது. எப்போதும் கந்தக வாடை மட்டும் வந்துகொண்டே இருக்கும். சோறும் கந்தகம், சோப்பும் கந்தகம், மல்லிகைப் பூவும் கந்தகம். எதனால் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. அவர் மனைவி பஞ்சம்மாள் மதினிதான் அந்த வீட்டுக்கே மூக்கு. கேஸ் கசிகிறதா, மாவு புளித்துவிட்டதா, எல்லாம் மதினி சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மதினிக்கு ஒரு ரகசியம் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேச்சில் இறங்கிவிடுவார். வாரத்தில் இரண்டு நாள் பால் அடிப்பிடித்துவிடும். நல்ல பாலை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தீய்ந்ததில் காப்பி போட்டு அண்ணாச்சியிடம் நீட்டிவிடுவார். "அவுகளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று அழகுமீனாவிடம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அழகுமீனா என்னிடம் சொன்னாள். நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டோடு நல்லவிதமாக இருக்க வேண்டும் அல்லவா.

செடிகள் வந்த கதை இதுதான். எங்கள் மாடியில் தேவமணி என்று ஒரு நர்ஸ் குடியிருந்தார். கொடைக்கானல் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஒரு கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போனவர், ஐந்து லாவெண்டர் கன்றுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். சிவகாசி வெயிலில் லாவெண்டரா என்று நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் மண் தரையே கிடையாது. அதனால் மதினியிடம் கொஞ்சம் இடம் கேட்டார். மதினியும் தாராளமாக, அவர்கள் கொல்லையில் புல்கூட முளைக்காத ஒரு மூலையைக் காட்டினார். எதுவும் வராத இடம், போனால் போகட்டும் என்ற தாராளம்தான்.

ஐந்தும் அங்கே பிழைத்துக்கொண்டன. கரிசலில் கருவேப்பிலையே ஏக்கம் பிடித்து நிற்கும்போது, அந்த மூலையில் மட்டும் சாம்பல் பச்சையில் முழங்கால் உயரத்துக்குப் புதராக நின்றன. பூ மருந்துக்கு நாலு பூக்கும், இலைதான் மணம். எப்படிப் பிழைத்தன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமும் இருக்கவில்லை.

அண்ணாச்சி ரிட்டயரான வருஷம், ஒரு காலையில் அந்தப் பக்கம் நடந்தபோது வேட்டி செடியில் உரசியது. நின்றுவிட்டார். திரும்பி ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார்.

"ஏ பஞ்சு, என்னமோ வருது" என்றார். "கந்தகம் இல்ல. வேற என்னமோ வருது."

மாடியிலிருந்து தேவமணி இறங்கி வந்தார். கொரோனா வந்து வாசனை போனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மூக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களாம். நாலு வாசனையைத் தினமும் காலையும் மாலையும் நிதானமாக முகர்ந்து, அது முன்பு எப்படி இருந்தது என்று மனதுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். "செய்யுங்க அண்ணாச்சி, காசா பணமா?" என்றார். அன்று முதல் லாவெண்டர் இலை, காப்பித் தூள், எலுமிச்சம் பழம், கிராம்பு என்று நாலு கிண்ணத்தோடு அண்ணாச்சி கொல்லையில் உட்கார்ந்துவிடுவார். லாவெண்டர் மட்டும் தவறாமல் வரும். காப்பி ஒரு நாள் வந்த மாதிரி இருக்கும், மறுநாள் இருக்காது. மற்ற இரண்டும் வரவேயில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. தேவமணி மாற்றலாகி நாகர்கோவில் போன பிறகும் விடவில்லை.

இந்த நிலையில் போன ஆடி மாசம் அண்ணாச்சியின் தம்பி சோலைச்சாமி வந்தார். கொல்லையில் அந்த மூலைப் பக்கம் அவர் பாகம். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, அண்ணன்மேல் உயிர். பிரிண்டிங் மிஷின் ஒன்று வாங்கப்போகிறார், அதற்கு அங்கே செட் போட வேண்டும்.

"தை பொறக்கவும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிருவோம்ணே. அந்தச் செடி நாலஞ்சு நிக்கே, அத இங்கிட்டு எடுத்து வச்சுக்கோங்க" என்றார். எளிதான காரியம் போலத்தான் சொன்னார்.

அண்ணாச்சி தேவமணிக்குப் போன் போட்டார். "நாலு வருசச் செடி அண்ணாச்சி. அடிக்கட்டை மரமாயிருக்கும். வளந்த லாவெண்டரைக் கிளப்பினா சட்டுனு முகத்தைத் திருப்பிக்கும். பொறந்ததுலேர்ந்து ஒரே வீட்டில இருந்தவுக மாதிரி" என்றார். போனை வைத்துவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"மணி, இதுக செத்துச்சுன்னா என் மூக்கும் அம்புட்டுத்தான். மறுபடி கந்தகத்துக்குள்ள போயி உக்கார என்னால முடியாதுப்பா."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அதனால்தான் உதவுகிறேன் பேர்வழி என்று ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய் நின்றேன். அவர் மரத்துடுப்பும் பித்தளைக் கரண்டியும் வைத்துக்கொண்டு ஒரு செடியைச் சுற்றி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மிட்டாய்க் கடையில் பாகு கிண்டுகிற ஆளுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்படித் தோண்டினால் அடுத்த தீபாவளி வந்துவிடும் என்று சொல்லி, கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டேன். அடியில் செங்கல். டணார் என்று சத்தமும் ஒரு பொறியும் வந்தன. அண்ணாச்சி செடியை, என்னை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்தடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடித்துக் குனிந்து பார்த்தால், வேரோடு இருந்த மண் கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, வேர் அம்மணமாகத் தொங்கியது. அதை அப்படியே நட்டோம். ஐந்தாம் நாள் செடி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. அண்ணாச்சி அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாவது செடியை ஐப்பசியில் அவரே எடுத்தார். என்னைக் கிட்டே விடவில்லை. பித்தளைக் கரண்டியாலும் விரலாலும் மூன்று நாள் வேலை. ஒரு வேர்கூட அறுபடாமல், மண்கட்டி உடையாமல் எடுத்து, மதினியின் துளசிக்குப் பக்கத்தில் நல்ல கரிசலில் நட்டார். காலையும் மாலையும் தண்ணீர். காரணம் கேட்டால், கம்பெனியில் வேலை முடிந்ததும் ரூம் தரையை நனைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்களாம். தரையில் சிந்திய மருந்துத் தூள் காய்ந்து கிடந்தால் ஆபத்து. "காய விடக் கூடாது மணி. ஈரந்தான் நமக்குக் காவல்" என்றார். மேலே ஐப்பசி மழை வேறு. மூன்றாவது வாரம் செடி அடியிலிருந்து கறுத்துச் சாய்ந்தது. பிடுங்கினால் வேர் கையில் வழவழவென்று வந்தது.

இரண்டு போயிற்று, மூன்று மிச்சம். மதினி, "விடுங்க, கடையில செண்டு பாட்டில் வாங்கித் தாரேன்" என்றார். அண்ணாச்சி கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய போர்மேனை நான் பார்த்தேன். கம்பெனியில் ஒரு கலர் சரியாக வரவில்லை என்றால் இப்படித்தான் உட்காருவாராம். கலவையில் இருக்கிற நாலு சரக்கையும் ஒரே நாளில் மாற்றமாட்டார். ஒன்றை மட்டும் மாற்றி, சாம்பிள் கொளுத்தி, பார்த்து, அடுத்ததற்குப் போவார்.

செடிகள் நிற்கிற மூலையிலிருந்து ஒரு பிடி மண், துளசிப் பக்கத்துக் கரிசல் ஒரு பிடி. இரண்டையும் தாளில் கொட்டி வைத்துக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெடியுப்பையும், பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பச்சை உப்பையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லுகிற ஆள் அவர்.

"இது வெறும் மண்ணு இல்ல மணி. இதுக்குள்ள யாரோ என்னத்தையோ கலந்திருக்காக."

அடியில் ஓட்டை போட்ட இரண்டு பிளாஸ்டிக் டம்ளரில் இரண்டு மண்ணையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். மூலை மண்ணில் ஊற்றியது ஊற்றிய வேகத்தில் கீழே ஓடிவிட்டது. கரிசலில் தண்ணீர் மேலேயே நின்றது, நான் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் நின்றது. சரி, பாதி விஷயம் பிடிபட்டது. மீதிப் பாதி என்ன? மூலை மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தது. உப்பா, சாம்பலா, என்ன எழவு என்று நான் நாக்கில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பொடியை நாக்கில் வைப்பதும் குற்றம்.

மூக்குப் பயிற்சிக்கு வைத்திருந்த எலுமிச்சம் பழம் கிண்ணத்தில் கிடந்தது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், எடுத்து நறுக்கி, மூலை மண்ணின்மேல் பிழிந்தார். மண் சிறுசிறு குமிழியாகப் பொங்கியது! சோடாவைத் திறந்த மாதிரி மெல்லிய சத்தம்கூடக் கேட்டது. கரிசலின்மேல் பிழிந்தார். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக இரண்டு குமிழி வந்து அடங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் தாளின்மேல் தலையை முட்டிக்கொண்டு மறுபடி மறுபடி பிழிந்து பார்த்தோம். ஒரு பழம் தீர்ந்து இன்னொரு பழத்துக்குப் போனோம்.

"சுண்ணாம்பு" என்றார் அண்ணாச்சி. "ஆனா இங்கன சுண்ணாம்பு எப்படி வந்துச்சு?"

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மதினி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிச்சுப்புட்டு, வாளியக் கழுவி அங்கனதான ஊத்துறேன்? வீடு கட்டுன அன்னைக்கு ஒடஞ்ச செங்கலு, சல்லி, எல்லாம் அந்த மூலையிலதான் கெடக்கு. இத எங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? ரெண்டு எலுமிச்சம் பழத்த வீணாக்கிட்டு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். புல் முளைக்காததற்கும் அதுதான் காரணம், லாவெண்டர் பிழைத்ததற்கும் அதுதான் காரணம். இருபத்தைந்து பொங்கலின் மிச்சத்தில் அந்தச் செடி குடியிருந்திருக்கிறது. போனில் சொன்னபோது தேவமணிக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "அதுக்கு வடிகிற மண்ணும் சுண்ணாம்பும்தான் பிடிக்கும் அண்ணாச்சி. நான் சும்மா கிடைச்ச எடத்துல வச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் கம்பெனி முறைதான். மேற்குச் சுவரோரம், நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினார். மூலை மண்ணையும் சட்டி சட்டியாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். செடியை ஒரே நாளில் கிளப்பவில்லை. மருந்து ரூமில் எந்தச் சரக்கிலும் மொத்தமாகக் கை வைக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அதே கணக்கில், கார்த்திகைக் கடைசியில் செடியைச் சுற்றி ஒரு பக்கம் அரை வட்டம் மட்டும் தோண்டி, வேரை அறுத்து, மண்ணை மூடி வைத்தார். பதினைந்து நாள் கழித்து மறுபக்கம். அதற்குள் முதல் பக்கத்தில் புது வேர் நூல் நூலாக ஓடியிருந்தது. அதைத் தொடாமல் துடுப்பு நுனியால் எனக்குக் காட்டினார்.

"மேல மூணுல ஒரு பங்கு வெட்டிருங்க. ஆனா இலை இருக்கிற வரைக்கும்தான். வெறும் கட்டையில கை வச்சீகன்னா துளிர் விடாது" என்று தேவமணி நாகர்கோவிலிலிருந்து உத்தரவு போட்டார். அவருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை மூன்று செடிகளையும் சாக்கில் கட்டித் தூக்கி, மேட்டில் இறக்கினோம். சாக்கைப் பிடிக்க மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காது. வாளியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இத நீ வச்சுக்கோ மணி. எங்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது. வாரத்துல ஒரு நா, நாயித்துக்கெளம மட்டும் குடு." அப்படியும் இரண்டு முறை, செவ்வாய்க்கிழமையே வந்து எங்கள் வாசலில் நின்று வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தை பிறந்தது. சோலைச்சாமி வானம் தோண்டினார். பழைய மூலை இப்போது ஆளுயரக் குழி. மேட்டில் மூன்று செடியும் நாளுக்கு நாள் வெளுத்தன. பொங்கல் கழிந்த வாரம் ஒன்று குச்சியானது. தை கடைசியில் இன்னொன்று. மூன்றாவது உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாத நிலையில் நின்றது. அதிலிருந்து ஒரு இலையைக்கூட அவர் கிள்ளவில்லை. பிழைத்துக்கொண்டிருக்கிற உயிரிடம் போய் எப்படிக் கேட்பது என்றார். முன்பே டப்பாவில் காய வைத்திருந்த இலைகளும் மணம் இறங்கிவிட்டன. கிண்ணத்தில் காப்பித் தூளும் எலுமிச்சையும் கிராம்பும் மட்டும் இருந்தன. தினமும் உட்கார்ந்து முகர்வார். "என்னண்ணாச்சி, எதும் வருதா?" என்பேன். தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தக் கடப்பாரையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாசி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. வாளியில் தண்ணீரோடு காலையில் போனேன். அண்ணாச்சி மேட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, செடியின் அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குனிந்தேன். மதினி வாசலில் அழகுமீனாவோடு பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

திடீரென்று அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னண்ணாச்சி?"

எழுந்தார். ஓடினார். சங்கையா அண்ணாச்சி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கொல்லைக் கதவு டமார் என்று சுவரில் மோத, ஓடினார்.

"ஏ பஞ்சு! பால் அடிப்பிடிக்குது! பால் அடிப்பிடிக்குது பஞ்சு!"

நானும் பின்னால் ஓடினேன். அடுப்படியில் பால் பாத்திரத்துக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. முகர்ந்துகொண்டு நின்றார். வாசலிலிருந்து மதினி வந்தவர், அடுப்பையும் பார்க்கவில்லை, பாலையும் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"ஆரு சொன்னா உங்களுக்கு?"

"ஆரும் சொல்லல. கொல்லையில இருந்தேன். வாட வந்துச்சு."

அழகுமீனாதான் போய் அடுப்பை அணைத்தாள். பிறகு எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். மதினி கைப் பழக்கத்தில் அந்தத் தீய்ந்த பாலிலேயே ஒரு டம்ளர் காப்பியைக் கலந்து, ஆற்றி, அவரிடம் நீட்டினார். அண்ணாச்சி வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பஞ்சு. இத்தன வருசமா இதத்தான் எனக்கு ஊத்துனியா?"

மதினிக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுன்னுதான... கீழ கொட்ட மனசு வராம... கொண்டாங்க, நல்ல பாலு வாங்கிட்டு வந்து வேற போட்டுத் தாரேன்" என்று டம்ளருக்குக் கை நீட்டினார்.

அண்ணாச்சி டம்ளரைக் கொடுக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலி டம்ளரை நீட்டினார்.

"இதுலயே இன்னொண்ணு போடு."